பெற்றார் கடனும் பிள்ளைகள் கடனும்

"வெள்ளைக்காரர் தாய்தகப்பனைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுவார்கள். நாங்கள் அப்படியில்லை." புலம்பெயர்ந்து வந்த எங்களில் இதைச் சொல்லாதவரைக் காண்பது அரிது. வந்திறங்கிய நாட்டின் மொழியில் பாண் வாங்கத் தெரிவதற்கு முன்னரே அந்நாட்டவரைப் பற்றிய இந்தத் தீர்ப்பு எங்களுக்குத் தெரிந்திருந்தது. பிறந்தநாள் கொண்டாட்டங்களிலும், கோயில் மண்டபங்களிலும், சீட்டுக் காசு கட்டப்போகும் வீடுகளிலும் இதே பேச்சுத்தான். ஆசியர் கூடி வாழ்பவர்கள், மேற்கத்தையர் தனித்து வாழ்பவர்கள். எங்களுடைய சொல் 'நாங்கள்', அவர்களுடைய சொல் 'நான்'. பிள்ளை பதினெட்டு வயதில் தனி அறை எடுத்துப் போகிறேன் என்றால் அது 'அவையின்ர பழக்கம்'. முதற் சம்பளத்தைக் கொண்டுவந்து தாயின் கையில் கொடுத்தால் அது 'எங்கட பண்பாடு'.

பண்பாடு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி இல்லை என்று ஆகிவிடுகிறது. ஆனால் பண்பாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. சட்டப் புத்தகங்களும் உண்டு. முதுமையில் பெற்றாரை யார் பார்ப்பது என்ற ஒரேயொரு கேள்வியை மாத்திரம் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் புத்தகங்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

கூட்டுவாழ்வு, தனிவாழ்வு என்ற இந்தப் பேச்சு எங்களுடையது மட்டுமல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இது அரசுகளின் பேச்சாகவும் இருந்தது. 1991 ஜனவரியில் சிங்கப்பூர் அரசு பொது விழுமியங்கள் பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. தனி மனிதருக்கு முன்னால் சமூகம், அந்தச் சமூகத்தின் அடிப்படை குடும்பம் என்பது அதன் சாரம். 1993 இல் வியன்னாவில் கூடவிருந்த மனித உரிமை மாநாட்டுக்கு முன்னோடியாக ஆசிய அரசுகள் பாங்கொக்கில் கூடின. மனித உரிமை பற்றிப் பேசும்போது ஒவ்வொரு பிரதேசத்தின் வரலாறும் பண்பாடும் கணக்கில் எடுக்கப்படவேண்டும் என்று பிரகடனம் செய்தன. 1994 இல் லீ குவான் யூ ஓர் அமெரிக்கச் சஞ்சிகைக்கு நீண்ட செவ்வி கொடுத்தார். மேற்கில் தனி மனிதரின் உரிமை அளவு கடந்து போய்விட்டது, கிழக்கில் மனிதர் இன்னமும் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறார் என்பது அவர் வாதம். அதே ஆண்டின் கடைசியில் அதே சஞ்சிகையில் தென்கொரியாவின் கிம் டே ஜுங் அதை மறுத்து எழுதினார். 1980 இல் இராணுவ ஆட்சியால் மரணதண்டனை விதிக்கப்பட்டு உயிர் தப்பிய மனிதர் அவர். ஆசியப் பண்பாடு என்ற பெயரால் யாருடைய வாயை யார் மூடுகிறார்கள் என்று அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வாதத்தின் அரசியல் பெரியது. அதை இங்கே விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது அதன் ஓரத்தில் நடந்த ஒரு காரியம். 1995 நவம்பரில் சிங்கப்பூர்ப் பாராளுமன்றம் பெற்றார் பராமரிப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அறுபது வயதைத் தாண்டி, தன்னைத் தானே பராமரிக்க முடியாத தாயோ தகப்பனோ பிள்ளைகளிடமிருந்து பணம் கேட்டு ஒரு தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்பது சட்டம். 1996 இல் அது நடைமுறைக்கு வந்தது. தாய் மனுதாரர், மகன் எதிராளி. பெற்றாரைப் பார்ப்பது ஆசியரின் இரத்தத்தில் ஊறியது என்றால் இந்தத் தீர்ப்பாயத்துக்கு அங்கே என்ன வேலை?

சிங்கப்பூரோடு நிற்கவுமில்லை. 2000 இல் இலங்கை முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 9 ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து, பிள்ளைகள் பெற்றாரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்று எழுதி, பராமரிப்புக்கென ஒரு சபையையும் வைத்தது. 2007 இல் இந்தியா. 2013 இல் சீனா இன்னும் ஒரு படி மேலே போய், பிரிந்து வாழும் பிள்ளைகள் பெற்றாரை அடிக்கடி சென்று பார்க்கவேண்டும் என்பதையே சட்டமாக்கியது. ஒரு பழக்கம் பழக்கமாகவே நடந்துகொண்டிருக்கும்போது அரசு அதற்குச் சட்டம் எழுதுவதில்லை.

இப்படியான சட்டங்கள் ஆசியாவில்தான் வரமுடியும் என்று தோன்றும். உண்மையில் ஐரோப்பா இவற்றை எப்போதோ எழுதிவிட்டது.

முதலாம் எலிசபெத் மகாராணி காலத்தில், 1601 இல், இங்கிலாந்தின் ஏழைகள் சட்டம் வந்தது. வசதியுள்ள பிள்ளைகள் தங்கள் ஏழைப் பெற்றாரைச் சொந்தச் செலவில் பராமரிக்க வேண்டும்; தவறினால் மாதமொன்றுக்கு இருபது ஷில்லிங் தண்டம். பிள்ளைகளால் முடியாதபோது கோயிற்பற்று மக்களிடம் வரி எடுத்து முதியவருக்குச் சோறு போட்டார்கள். அந்நாட்டுக் குடும்பங்கள் அப்போதே சிறியவை. பீற்றர் லாஸ்லெட் என்ற வரலாற்றாசிரியரும் அவர் குழுவினரும் பதினாறாம் நூற்றாண்டு தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பம் வரையான நூறு ஊர்களின் பதிவுகளை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் சராசரி 4.75 பேர்தான் இருந்தார்கள். தொழிற்சாலை வந்த பிறகுதான் கூட்டுக்குடும்பம் உடைந்தது என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த கதை அங்கே பொருந்தவில்லை. சின்ன வீடும் பக்கத்து வீட்டாருக்கான வரியும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. இதைத் தனிமனிதவாதம் என்பதா, கூட்டுவாழ்வு என்பதா?

பிரான்ஸில் 1804 இல் நெப்போலியனின் குடியியற் சட்டம் வந்தது. அதன் 205 ஆம் பிரிவு, தேவைப்படும் பெற்றாருக்குப் பிள்ளைகள் பராமரிப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. அடுத்த பிரிவு மருமக்களையும் சேர்த்துக்கொள்கிறது. லா சப்பல் கடைத்தெருவில் நின்று பிரெஞ்சுக்காரருக்குப் பாசமில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அந்தப் பிரிவு உயிரோடுதான் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஜேர்மனியில் 1900 இல் நடைமுறைக்கு வந்த குடியியற் சட்டமும் நேர்வழி உறவினர் ஒருவரையொருவர் பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. 2020 இலிருந்துதான் ஆண்டு வருமானம் ஒரு இலட்சம் யூரோவைத் தாண்டாத பிள்ளைகளிடம் சோசல் வந்து பணம் கேட்பதில்லை என்று ஆக்கினார்கள்.

சட்டத்துக்கும் முன்னால் கமக்காரர் வீடுகளில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஜேர்மனியிலும், ஒஸ்திரியாவிலும், நோர்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளிலும் வயதுபோன தகப்பன் காணியையும் வீட்டையும் மகனுக்கு எழுதிக்கொடுப்பார். எழுதும்போதே தனக்கும் மனைவிக்கும் வேண்டியவற்றைப் பத்திரத்தில் போட்டுக்கொள்வார். வருடத்துக்கு இத்தனை மூடை தானியம், இவ்வளவு பால், இவ்வளவு விறகு, இருக்க இன்ன அறை. பெற்ற மகனோடு பாலுக்கும் விறகுக்கும் பத்திரம்! எங்களுக்கு இது கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருக்கும். காணி இல்லாத முதியவரின் பாடு இதைவிட மோசம். நோர்வேயில் அவர்கள் வீட்டுக்கு வீடு முறைவைத்து அனுப்பப்பட்டார்கள். 1900 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அது ஒழிந்தது. சுவீடனில் ஏலம் விட்டார்கள். யார் குறைந்த காசுக்குச் சாப்பாடு போட ஒப்புக்கொள்கிறாரோ அவர் வீட்டுக்குக் கிழவர் போவார். அது 1918 இல் தடைசெய்யப்பட்டது. இவையும் கூட்டுவாழ்வுதான், ஊர் கூடித்தான் ஏலம் விட்டது.

தாத்தாவுக்குச் சிரட்டையில் சோறு போட்ட மகனின் கதை நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்தது. தாத்தா செத்த பிறகு பேரன் அந்தச் சிரட்டையை எடுத்து வைத்துக்கொள்கிறான். எதற்கு என்று கேட்டால் "அப்பா, உங்களுக்கு" என்கிறான். எங்கள் மண்ணிலேயே விளைந்த நீதிக்கதை என்றுதான் நினைத்திருந்தோம். கிறிம் சகோதரர்கள் 1812 இல் வெளியிட்ட ஜேர்மன் கதைத் தொகுப்பின் முதற் பாகத்தில் அது இருக்கிறது. அங்கே சிரட்டைக்குப் பதிலாக மரக்கிண்ணம். கிழவர் அடுப்புக்குப் பின்னால் ஒதுக்கப்பட்டிருக்கிறார். எந்த ஊரில் இந்தக் கதை தேவைப்படவில்லையோ அந்த ஊரில் இது சொல்லப்பட்டிராது.

இனி எங்கள் புத்தகத்துக்கு வருவோம். ஒல்லாந்த ஆளுநர் சீமன்ஸின் கட்டளைப்படி யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஈசாக்ஸ் எங்கள் வழக்கங்களை எழுதித் தொகுத்தார். 1707 இல் அது தமிழில் பெயர்க்கப்பட்டு பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டிச் சரிபார்க்கப்பட்டது. அதுதான் தேசவழமை. மணமாகாத ஆண்பிள்ளை உழைத்ததெல்லாம் பெற்றாரின் பொதுச் சொத்தில் சேரவேண்டும் என்கிறது அது. உடம்பில் அணிந்திருக்கும் பொன், வெள்ளி நகை மட்டும் விலக்கு. பெற்றார் விட்டுப்போன கடனை மகன்மார் இறுக்கவேண்டும், அப்போது கையில் வழி இல்லாவிட்டாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. முதற் சம்பளத்தைத் தாயிடம் கொடுக்கும் 'பண்பாடு' இப்படி எழுத்தில் இருந்த சொத்துச் சட்டம். பாசமும் இருந்திருக்கும்; அதை ஈசாக்ஸ் எழுதவில்லை.

அதே நூலில் இன்னோர் ஏற்பாடும் உண்டு. தாய்தகப்பன் முதுமையால் சொத்தை நிருவகிக்க முடியாமற் போனால் மகன்மார் அதைப் பகிர்ந்து எடுக்கலாம், ஆனால் பெற்றாரைச் சாகும்வரை பராமரிக்கவேண்டும். பராமரிக்கத் தவறினால் பெற்றார் சொத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஜேர்மன் கமக்காரனின் பத்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? விறகின் அளவு எழுதப்படவில்லை, அவ்வளவுதான். திரும்ப எடுக்கலாம் என்று ஒரு வாசகம் எழுதப்பட்டிருக்கிறது என்றால் 1707 இலும் தவறிய மகன்மார் இருந்திருக்கிறார்கள்.

அதே தேசவழமையில் அடிமைகள் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. எங்கள் கூட்டுவாழ்வைப் பற்றிப் பெருமை பேசுபவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டுவதில்லை. இலங்கையில் அடிமைமுறை 1844 இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் வயதான ஒரு தொழிலாளியை அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகூட 'நீ' என்பதும், அவர் அந்தப் பிள்ளையை 'நயினார்' என்பதும் அதற்குப் பிறகும் பல தலைமுறை நீடித்தது. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததை எம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். மூத்தோரை மதித்தல் எங்கள் பண்பாடு என்றால் எந்த மூத்தோரை என்று கேட்கத்தான் வேண்டும். அதேபோல் 'நாங்கள் பார்க்கிறோம்' என்ற வசனத்திலும் எழுவாய் மறைந்திருக்கிறது. படுக்கையில் கிடந்தவரைக் கழுவித் துடைத்தது யார்? சீதன வீட்டில் இருந்த மகள், அல்லது மருமகள். தேசவழமை மகன்மாரின் கடனை எழுதியது. பெண்களின் வேலையை எழுதவில்லை.

ஐரோப்பாவில் இந்தக் கடமை எப்படிக் கை மாறியது என்பதும் பண்பாட்டுக் கதை அல்ல. பிஸ்மார்க் 1889 இல் முதுமைக் காப்புறுதிச் சட்டம் கொண்டுவந்தார். தொழிலாளர் சோசலிசத்தின் பக்கம் போய்விடக்கூடாதே என்ற கவலை அவருக்கு. எழுபது வயதில்தான் பணம்; பலர் அதுவரை உயிரோடு இருக்கவில்லை. 1916 இல் அறுபத்தைந்தாக்கினார்கள். பிரித்தானியாவில் 1909 ஜனவரி முதலாம் திகதி எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் கொடுக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளைப் பெற்றாருக்குப் பொறுப்பாக்கிய 1601 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு 1948 இல் நீக்கப்பட்டது. சுவிற்சர்லாந்தில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியதும் அதே 1948 இல். நோர்வேயில் பிள்ளைகளின் கடமை அறுபதுகளில் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆக, நாங்கள் 'வெள்ளைக்காரரின் குணம்' என்று கண்டது, நாங்கள் வந்திறங்கியபோது ஒரு தலைமுறை வயதுகூட நிரம்பாத ஓர் ஏற்பாடு.

இன்னும் எத்தனையோ காரியங்கள் இப்படித்தான். சுவிஸில் முதல் தமிழ் அகதிகள் முகாம்களுக்கு வந்து சேர்ந்த எண்பதுகளின் நடுப்பகுதியில் அந்நாட்டுச் சட்டப்படி கணவனே குடும்பத் தலைவன். மனைவி வேலைக்குப் போக அவன் சம்மதம் வேண்டும். அந்தச் சட்டம் மாறியது 1988 ஜனவரியில். பிரான்ஸில் மனைவி கணவனைக் கேட்காமல் வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்குத் திறக்கவும் முடிந்தது 1965 இல், மேற்கு ஜேர்மனியில் வேலைக்குப் போகும் உரிமை முழுமையானது 1977 இல். சுவீடனில் அறுபதுகள் வரை ஒருவரை நேரே 'நீ' என்று பேசமுடியாது. பட்டத்தைச் சொல்லிப் படர்க்கையில்தான் கேட்கவேண்டும்: "டொக்டர் கோப்பி குடிக்கிறாரா?" எங்கள் ஊரில் "மாஸ்ரர் சாப்பிட்டவரோ?" என்று அவர் முகத்துக்கு நேரேயே கேட்பதைப்போல. 1967 இல் சுவீடனின் மருத்துவ நிருவாகத்துக்குத் தலைவராக வந்த புரோர் ரெக்செட், ஊழியர் எல்லோரையும் 'நீ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். மாற்றம் முன்பே தொடங்கியிருந்தது. பத்து வருடத்துக்குள் நாடு முழுவதும் அப்படியே பேசியது. இப்போது எங்கள் பிள்ளைகள் அங்கே ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நாங்கள் வெட்கப்படுகிறோம். அந்த ஆசிரியரின் பாட்டியும் வெட்கப்பட்டிருப்பார்.

இதற்கு மறுபக்கம் இல்லையென்று சொல்லவில்லை. 2003 ஓகஸ்ட் வெக்கையில் பிரான்ஸில் ஏறக்குறைய 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலானோர் முதியவர்கள், பலர் தனியே இருந்தவர்கள். ஊரெல்லாம் விடுமுறைக்குப் போயிருந்தது. உரிமை கோர எவரும் வராத 57 உடல்களைச் செப்ரெம்பர் தொடக்கத்தில் பரிஸுக்கு அருகே தியே மயானத்தில் அடக்கம் செய்தார்கள். ஜனாதிபதி சிராக் வந்து நின்றார். 205 ஆம் பிரிவுக்கு அப்போது வயது 199. ஆனால் கிழக்கின் கணக்கையும் பார்க்கவேண்டும். பெற்றாரைப் பேணுதலை முதல் அறமாகப் போதிக்கும் கொன்பியூசியஸின் மரபில் வந்த தென்கொரியாவில் 2010களில் முதியோரில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் வறுமையில் இருந்தார்கள். வளர்ந்த நாடுகளின் வரிசையில் அதுவே ஆகக் கூடியது. அங்கே தேசிய ஓய்வூதியம் தொடங்கியதே 1988 இல்தான். பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று அரசு விட்டுவிட்டது; பிள்ளைகள் சியோலுக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள்.

பெற்றாரைப் பார்த்தல் என்பதில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. ஒன்று காசு. மற்றது பக்கத்தில் இருத்தல். ஐரோப்பியர் காசை அரசிடம் ஒப்படைத்துவிட்டு மற்றப் பாதியைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். சிலர் அதைச் செய்கிறார்கள், சிலர் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எந்த முதியோர் இல்லத்தின் வாசலிலும் பூங்கொத்தோடு வருபவர்களைக் காணலாம். அங்கே துப்புரவு வேலையும் சமையல் வேலையும் செய்தவர்களில் எம்மவர் பலர். அவர்கள் இதை நன்றாக அறிவார்கள். எங்களுக்கு நடந்தது நேர்மாறு. 1983 க்குப் பிறகு எங்களிடம் மிஞ்சியது காசுப் பாதி மட்டுமே. உண்டியலில் அனுப்பினோம், கொழும்புக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிட்டோம், பிறகு வங்கியில் அனுப்பினோம். பக்கத்தில் இருத்தலை யுத்தமும் விசாவும் எடுத்துக்கொண்டன. வதிவிட அனுமதி இல்லாமல் போனால் திரும்பி வரமுடியாது. தகப்பனின் செத்தவீட்டை வீடியோக் கசெற்றில் பார்த்த தலைமுறை நாங்கள். கொள்ளி வைத்தது யாரோ ஓர் ஒன்றுவிட்ட சகோதரன். தாய்தகப்பனைக் கைவிடாத பண்பாடு என்று பிறந்தநாள் வீட்டில் உரத்துப் பேசியவர்களின் குரலில் இருந்தது பெருமை மாத்திரம் அல்ல என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். எங்களில் எவருடைய தாயாகவும் இருக்கலாம். ஊரில் இருக்கிறார். பிள்ளைகள் நாலு பேர்: பரிஸ், டோர்ட்முண்ட், ஒஸ்லோ, லண்டன். பரிஸில் இருப்பவரை நெப்போலியன் கட்டிவைத்திருக்கிறார். டோர்ட்முண்டில் இருப்பவருக்கு ஒரு இலட்சம் யூரோ வரை விலக்கு. மற்ற இருவருக்கும் இருக்கும் நாட்டில் அப்படியொரு சட்டமே இல்லை. நாலு பேரும் அனுப்புவது ஒரே தொகைதான். அதில் ஒரு பங்கு, வந்து சமைத்து, மருந்து எடுத்துக்கொடுத்து, இரவில் கூடப் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் சம்பளமாகப் போகிறது. சம்பளத்துக்கு முதியவரைப் பார்ப்பதை இங்கே நாங்கள் எவ்வளவு ஏளனமாகப் பேசியிருக்கிறோம்! கைதடியில் முதியோர் இல்லம் நாங்கள் புறப்படுவதற்கு முன்பே இருந்தது. அப்போது அதைப் பிள்ளையில்லாதவர்களின் இடம் என்று சொல்லிக்கொண்டோம்.

இப்போது எங்களுக்கே வயது வந்துவிட்டது. சுவிஸில் முழு ஓய்வூதியத்துக்கு 44 வருடம் பணம் கட்டியிருக்கவேண்டும். முப்பது வயதில் 1990 இல் வந்தவர், வந்த ஆண்டிலிருந்தே கட்டியிருந்தாலும், 2025 இல் அறுபத்தைந்து வயதாகும்போது 35 வருடம்தான் வரும். கடிதத்தில் ஒன்பது வருடம் குறைவு என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒன்பது வருடமும் ஊரில் உழைத்தவை. தேசவழமைப்படி தாய்தகப்பனின் கணக்கில் சேர்ந்தவை.